நூறு எம்பி

கோலகெட்டிலில் மழை நின்று
அது இன்னும் வாய்க்காலுக்குத் தெரியாத நேரம்.
இரவு பதினொன்று பத்து.
சமையல் மேசையில் என் லேப்டாப்
குடல் தெரியக் கவிழ்ந்து கிடந்தது.

மதியம் ஆ கியோங் கடையில்
நூற்று முப்பத்தொன்பது ரிங்கிட் கொடுத்து வாங்கிய எஸ்எஸ்டி.
சீட்டுக்கட்டைவிட மெல்லிசு.
காதருகே வைத்து உலுக்கினால் சத்தமே இல்லை.
"உள்ள சுத்துறதுக்கு ஒண்ணும் இல்ல லா,
அதான் வேகம்" என்றான், தமிழிலேயே.

பழைய டிஸ்க்கைப் பிரதி எடுக்க மூன்று மணி நேரம்.
ஒரு பிழை காட்டவில்லை.
கழற்றினேன், மாட்டினேன், பொத்தானை அழுத்தினேன்.

கறுப்பு.

மூலையில் வெள்ளையாய் ஒரு வரி:
துவக்கச் சாதனம் கிடைக்கவில்லை.

விடிந்தால் ஏழாம் தேதி. சம்பளம்.
செம்பனைக் குலை வெட்டியவர்கள்,
உதிர்ந்த பழம் பொறுக்கியவர்கள், உரம் போட்டவர்கள்,
மொத்தம் நாற்பத்தொரு பேர் கணக்கு.
ஷபிகுலா ஷோஃபிகுலா என்று
பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து நான் திருத்திய பெயரும் அதில்.
எல்லாம் பழைய டிஸ்க்கில் பத்திரம்தான்.
உறையில் போட்டு அரிசி டின்மேல் வைத்திருக்கிறேன்.
இருந்தாலும் விரல் சில்லிட்டது.

எஃப் டூ அழுத்தி உள்ளே போனேன்.
நீலத் திரைப் பட்டியலில் புதுசு இருக்கிறது.
பெயர் சரி. கொள்ளளவு சரி.
பெரட்டில் பெயர் கூப்பிட்டதும்
கையைத் தூக்கிவிட்டு,
எந்தத் தீம்பாருக்குப் போவதென்று தெரியாமல்
களத்திலேயே நிற்கிற புது ஆள் மாதிரி.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
பாதுகாப்பு என்று எழுதியிருந்ததை அணைத்தேன்,
பயந்து திரும்பப் போட்டேன்.
வரிசையை மாற்றினேன்.
பென் டிரைவிடம் பழுது பார்க்கச் சொன்னேன்.
பத்து நிமிடம் புள்ளிகளைச் சுற்றவிட்டு
அதுவும் கைவிரித்தது.
மங்களேஸ்வரன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து
"இருந்தது நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.
கையிலிருந்த திருப்புளியை நான் கீழே வைக்கவில்லை.
போய்ப் படுத்துவிட்டார்.

பன்னிரண்டரைக்குப் பழையதையே மாட்டினேன்.
முனகி முனகி ஏழு நிமிடத்தில் எழுந்தது.
அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது எனக்கு.
புதியதைக் கம்பி வழியே பக்கத்தில் இணைத்து
இரண்டையும் ஒரே திரையில் வைத்தேன்.
பழையதில் நான்கு கட்டம்.
புதியதில் ஒன்று.

சி மட்டும் போதும் என்று டிக் போட்டது நான்தான்.

விட்டதில் முதல் கட்டம் நூறு எம்பி.
அதற்குப் பெயர் இல்லை. எழுத்தும் இல்லை.
கொழுந்தன் கல்யாண வீடியோவில்
தாலி கட்டுகிற நேரம்கூட அதில் அடங்காது.
இடத்தை அடைக்கிற குப்பை என்று நினைத்திருந்தேன்.
அதற்குத்தான் தெரிந்திருக்கிறது,
எங்கே போய் எதை எழுப்ப வேண்டும் என்று.

புதியதில் ஓரமாய் நூறு எம்பி வெட்டி ஒதுக்கினேன்.
கறுப்பு ஜன்னலில் ஒரு வரிக் கட்டளை.
ஓர் எழுத்து தப்பு. ஏற்கவில்லை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி.
துவக்கக் கோப்புகள் உருவாக்கப்பட்டன என்றது,
ஏதோ மின்கட்டணம் பெற்றுக்கொண்டது போல.

மாட்டி, பொத்தானை அழுத்தினேன்.
ஒன்பது நொடி.
வேண்டுமென்றே அணைத்துப் போட்டேன். ஒன்பது.
மூன்றாம் தடவையும். யார் பார்க்கிறார்கள்?

சம்பளத் தாளைத் திறந்தேன்.
நாற்பத்தொரு பேரும் வந்து சேர்ந்திருந்தார்கள்.
ஷோஃபிகுலுக்கு நேரே மட்டும் ஒரு கட்டம் காலி.
பன்னிரண்டு மணி நேர ஓவர்டைம்,
துண்டுச் சீட்டு போன வாரத்திலிருந்து
என் கைப்பையிலேயே இருக்கிறது.
டிஸ்க்மேல் பழி போட முடியாது.
ஏற்றினேன்.

சாஸரில் ஒரு திருகாணி மிச்சம்.