இருக்கை வரைபடம்

இருபத்தேழாம் மாடி விருந்துக்கூடத்தில்
மேசைக்கொடிகளைத் துடைத்து நிறுத்துகிறேன்.
போன முறை இந்தக் கொடிக்கும் அதற்கும் நடுவே
ஒரு பூச்சாடிதான்.
இம்முறை மூன்று நாற்காலி, ஒரு தூண்.
ஏன் என்று சீத்தோவைக் கேட்டால்
"எரிவாயுக் குழாய்" என்பார்,
இல்லையென்றால் "மேலிடம்".

காலை ஒன்பதுக்கு முதல் வரைபடம்.
பதினொன்றுக்கு இரண்டாவது:
மாஸ்கோ விருந்தினர் நடுவிலிருந்து ஓரத்துக்கு,
பெய்ஜிங் ஓரத்திலிருந்து நடுவுக்கு,
அங்காராவுக்குப் புதிதாய் ஒரு தட்டு.
விரிப்பை மறுபடி நீவினான் ரோஸ்லான்:
"ஒரு நாடு புரண்டு படுக்க
நாம பதினாறு முள்கரண்டி மாத்தணும்."

அதிபர் மட்டும் மாறுவதில்லை.
அவர் படம் தனிப் பெட்டியில் வரும், குறிப்போடு:
தரையிலிருந்து நூற்றெண்பத்திரண்டு சென்டிமீட்டர்.
ஒன்பது ஆண்டாய் நான்தான் ஆணி அடிக்கிறேன்.
எனக்கு நரைத்துவிட்டது. அவருக்கு இல்லை.
அரசமைப்பைத் திருத்தியவர்கள்
அதையும் திருத்தியிருப்பார்கள்.

போன முறை வந்த மொழிபெயர்ப்பாளர் பெயர் தவ்லத்.
எங்கள் பக்கம் அதற்கு 'அரசு' என்றும் பொருள்
என்று தானே சிரித்துக்கொண்டார்.
இடைவேளையில் சமையற்கட்டு வாசலில் நின்று
தேநீர் கேட்டார், பால் வேண்டாம், சர்க்கரை நாலு.
"தே ஓ" என்று சொல்லிக்கொடுத்தேன்.
மூன்று தரம் சொல்லிப் பார்த்தார், பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி.

இம்முறையும் அவர் பெயரட்டை அச்சாகி வந்தது.
யாரோ பழைய பட்டியலை அனுப்பியிருக்கிறார்கள்.
கறுப்புக் கோட்டு இளைஞர் ஒருவர் அதை எடுத்து
இரண்டாய் மடித்தார், நான்காய் மடித்தார்,
பையில் போட்டுக்கொண்டார்.
"அவர் வரலையா?"
"யார்?"
பிசிறே இல்லாத ஆங்கிலம்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை.
இங்கே காதில் விழுவது வெளியே போகாது என்று
சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டவள்.
ஈசூன் வீட்டுக் கடன் இன்னும் பதினாலு வருஷம்.
சாக்குதான். தெரிந்தேதான் சொல்கிறேன்.

எட்டரைக்கு எல்லோரும் எழுந்து
நட்புக்கு என்று கோப்பை உயர்த்தினார்கள்.
நாலு சர்க்கரை போட்டு நான் கலக்கி வைத்திருந்ததை
யாருடையது என்று தெரியாமல்
ரோஸ்லான் தொட்டியில் ஊற்றினான்.

நள்ளிரவில் படத்தைக் கழற்றினோம்.
வழக்கமாக ஆணியைப் பிடுங்கி
ஓட்டையைப் பூசி மெழுகிவிடுவேன்.
"ஆணி இருக்கட்டும்" என்றார் சீத்தோ.
"ஆள் மாறினாலும்
உயரம் அதுதானே."