மூன்றாவது மிட்டாய்

எங்கள் உர்க் ஒரு காலத்தில் தீவு.
இப்போது ஊருக்குப் பின்னால் உருளைக்கிழங்கு வயல்.
ஆனாலும் வெளியூர் போய் வந்தால்
"தீவுக்குத் திரும்பியாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

வடக்கே அணை கட்டிக் கடலின் வாயை அடைத்தார்களாம்.
தண்ணீர் அங்கேயே நின்றது.
உப்பு மட்டும் போயிற்று,
கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில்.
கடைசி உப்பு என்றைக்குப் போனது, சார்?
யாரும் குறித்து வைக்கவில்லை என்றார் ஆசிரியர்.
வகுப்பில் எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள்.
எனக்கு வியர்த்தது.

ஞாயிறு இரண்டு வேளை ஆராதனை.
போதகர் பிரசங்கத்தை மூன்றாகப் பிரிப்பார்.
பிரிவுக்கு ஒரு பெப்பர்மின்ட்
அம்மாவின் கைப்பையிலிருந்து கிளம்பி
தம்பி லுப், அக்கா, நான் என்று கைமாறி வரும்.
எண்ணூறு வாய்கள் ஒன்றாகச் சப்பும்.
ஆறு வயதில் அதுதான்
பரலோகத்தின் வாசனை என்று நினைத்தேன்.
இப்போது பதினாறு.
அது பெப்பர்மின்ட் வாசனை.

யாரும் என்னை அடிக்கவில்லை. யாரும் ஏமாற்றவில்லை.
ரீகெல்ட் சித்தப்பாவின் படகு திரும்பாததாலும் இல்லை;
அந்த வாரம்தான் அதிகமாக நம்பினேன்,
முழங்கால் சிவக்க.
ஒருநாள் பல் தேய்க்கும்போது
ராத்திரி ஜெபத்தை மறந்தது ஞாபகம் வந்தது.
முந்தின ராத்திரியும்.
அதற்கு முந்தினதும்.
பயம் வரட்டும் என்று
பிரஷ்ஷை வாயில் வைத்தபடி காத்திருந்தேன்.
குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
லுப் கதவைத் தட்டினான், அவசரமாம்.

வெள்ளிக்கிழமை அப்பா கடலிலிருந்து வருவார்.
சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கண் மூடுவார்கள்.
நான் திறந்து வைத்துக்கொள்கிறேன்.
அப்பாவின் புருவத்தில் ஒரு மீன் செதில்.
அம்மாவின் உதடு அவருக்கு அரைச் சொல் முன்னால் போகிறது.
லுப்பின் இமை துடிக்கிறது, ஒரு கண்ணால் உருளைக்கிழங்கை எண்ணுகிறான்.
அக்கா கைகளை இறுகக் கோத்திருக்கிறாள்,
எதையோ உண்மையாகவே கேட்கிறாள்.
நம்பிய காலத்தில் இந்த முகங்களை
இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை.
ஆமென் என்பதற்குள்
என் கண் மூடியிருக்கும்.

போன வாரம் அப்பாவின் கட்டைவிரலை வலைக்கம்பி கிழித்திருந்தது.
பெரிய புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி
"இன்றைக்கு நீ வாசி, ஃபெம்" என்றார்.
கடல் இரண்டாகப் பிரிந்து நிற்கிற இடம்.
எங்கே மூச்சு எடுக்கவேண்டும் என்று
நாக்குக்குத் தெரியும்.
முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிற மனிதர்,
அது யாருக்கும் வழிவிட்டுப் பார்த்திராதவர்,
வழக்கம்போல் அந்த வரியில் கண் கலங்கினார்.
என் குரல் தடுமாறவே இல்லை.
தடுமாறியிருக்கலாம்.
"போதகர்கூட இப்படி வாசித்ததில்லை" என்று
கட்டுப்போட்ட கையை என் தலைமேல் வைத்தார்.
மருந்து வாசனையும் டீசல் வாசனையும்.
கை எடுக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.
எடுக்கவேண்டாம் என்று யாரிடம் கேட்பது?

நேற்று என் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைத் துவைக்க எடுத்த அம்மா
பையிலிருந்து பதினொரு பெப்பர்மின்ட் எடுத்தாள்.
நூலும் தூசியும் ஒட்டிய வெள்ளை வட்டங்கள்.
ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாவதைத் தின்னாமல்
வைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியாது.
மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.
வெகுநேரம் என்னைப் பார்த்தாள்.
சொல்லிவிடலாம் என்று
வாய்வரை வந்தது.

"பல்வலியா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

வியாழன் மூன்றரைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள்.
கூட வருவாளாம்.
விளக்குக்குக் கீழே
வாயை அகலத் திறந்து காட்டவேண்டும்.