நிழுவை

டிசம்பர் கடைசி வியாழன்.
மனாமா, சீஃப், பதினோராவது மாடி.
ஜலீலா மேடம் கேட்டது ஒரே ஒரு படம்:
எந்தெந்தக் கருவியில் எவ்வளவு வளர்ந்தோம்.
"ரியாத்திலிருந்து முதலீட்டாளர்கள் வருகிறார்கள்,
பச்சை நிறைய இருக்கட்டும்."

பச்சைக்குப் பஞ்சமில்லை.
பகாலாக்களின் கடன் நோட்டைப்
போனுக்குள் போட்டு விற்கிறோம் நாங்கள்.
பால், குபூஸ், ரீசார்ஜ் கார்டு, ஆறு முட்டை,
சம்பளம் வந்ததும் தருகிறேன் என்ற வாய்ச்சொல்,
எல்லாம் ஏறிவிட்டது.
ஆண்ட்ராய்டில் ஒரு லட்சத்து
எழுபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
ஐபோனில் நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.
கடைக்காரர் கையில் ஐபோனா, என்றாள் ரோவேனா.
மகன் கழற்றிப் போட்டதாக இருக்கும், என்றேன்.
கணினியில் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.
போன வருடத்தைவிட முப்பத்தேழு சதவீதம்.
குவைத் குதித்திருக்கிறது, மஸ்கட் மெதுவாக,
தோஹாவில் ஒரே தெருவில் நாற்பது கடை.

நான்காவது வரிசையில்
பழைய டேப்லெட், இரண்டாம் பதிப்பு:
1.

பிழை என்றுதான் நினைத்தேன்.
திரும்ப ஓட்டினேன். ஒன்றுதான்.
இடம் முஹர்ரக். மொழி தமிழ்.
காலை நான்கு பத்துக்குத் திறக்கிறது,
நள்ளிரவு தாண்டி மூடுகிறது,
வெள்ளியன்று மட்டும் நடுவில் ஒன்றரை மணிநேரம் ஓய்வு.
பேட்டரி எப்போதும் நூறு,
சுவரோடு செருகியே கிடக்கிறது போல.
பெயர் தெரியாது.
தெரியக் கூடாது என்ற தாளில்
நானேதான் கையெழுத்திட்டிருக்கிறேன்.

இரண்டாம் பதிப்பு.
ஏழு வருடம் முன்பு, வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம்,
உனக்குத் தமிழ் வரும்தானே என்று
நூற்றுப் பதினான்கு சொற்களைத் தள்ளிவிட்டார்கள்.
சேர். நீக்கு. தேடு. வரவு.
ஒன்றில் மட்டும்
ல இருக்க வேண்டிய இடத்தில் ழ விழுந்து
நிலுவை நிழுவையாகிப் போனது.
அலுவலகத்தில் தமிழ் வாசிப்பவள் நான் ஒருத்தி.
மூன்றாம் பதிப்பில் சத்தமில்லாமல் திருத்தினேன்.

ஆக, அந்தச் சொல் இப்போது
ஒரே ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உயிரோடு இருக்கிறது.
முஹர்ரக்கில் யாரோ ஒருவர்
ஏழு வருடமாக, ஒவ்வொரு ஆளுக்குப் பக்கத்திலும்
என் பிழையைப் பார்த்தபடி சில்லறை எண்ணுகிறார்.
அதுதான் சரி என்று நம்பியும் இருக்கலாம்.
அட்டையில் எழுதி
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியும் இருக்கலாம்:
நிழுவை வைக்க வேண்டாம்.

படத்தில் ஒன்றைக் காட்ட முடியவில்லை.
பட்டை மயிரிழைகூட எழவில்லை.
மற்றவையில் சேர், என்றார் மேடம்.
மற்றவை என்று வேறு எதுவும் இல்லை, என்றேன்.
"அப்படியானால் எடுத்துவிடு.
பிப்ரவரியோடு அந்தப் பதிப்பை நிறுத்துகிறோம்.
சர்வருக்கு மாதம் அறுபது தினார், ஒரே ஆளுக்கு."
தப்பில்லை.
கணக்குப் போட்டுக் கொடுத்ததே நான்தான்.

எடுத்தேன். படம் அழகாகிவிட்டது.
மொத்தத்தில் மட்டும் ஒன்று உதைத்தது.
ஆண்ட்ராய்டின் நாற்பதை
நாற்பத்தொன்றாக்கினேன்.

நிறுத்துமுன் அறிவிப்பு அனுப்ப வேண்டும், விதி.
அரபியும் மலையாளமும் வங்காளமும் தயாராக இருந்தன,
வாசிக்க ஆளில்லாமல்.
தமிழில் ஒருவருக்கு எழுத உட்கார்ந்தேன்.
மதிப்பிற்குரிய பயனாளரே. அழித்தேன்.
அண்ணே. அதையும் அழித்தேன்.
பெண்ணாகவும் இருக்கலாம்.
கடைசியில் இவ்வளவுதான் வந்தது:
பிப்ரவரிக்குப் பிறகு இந்தத் திரை திறக்காது.
வேறு போனில் இதே எண்ணைக் கொடுங்கள்.
உங்கள் நிழுவை எல்லாம் அங்கே இருக்கும்.

தெரிந்தேதான் ழ போட்டேன்.
சரியாக எழுதியிருந்தால்
யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

ஞாயிறு காலை பதிவைப் பார்த்தேன்.
நான்கு பத்து: திறந்தது.
நான்கு பதினொன்று: அறிவிப்பு தோன்றியது.
அடியில் இரண்டே பொத்தான், சரி, பிறகு.
இருபத்தைந்து நிமிடம் எதையும் தொடவில்லை.
அதற்குள் ரொட்டி வண்டி வந்திருக்கும்,
பாங்கு சொல்லியிருப்பார்கள்.

நான்கு முப்பத்தாறு: பிறகு.