கடைசிப் பெட்டி

செவ்வாய் காலை ஒன்பது மணி.
பூஹயார்வ் ஏரிக்கரையில் கார் நிறுத்துமிடம்.
பதினோரு பேர், ஆளுக்கு இரண்டு கைத்தடி.
என்னிடம் தடியில்லை.
ஓய்வுபெற்ற அன்று தந்த கைக்கடிகாரம் இருந்தது.
அதைப் பார்க்கக் கூடாதென்று
வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன்.

லெய்லி, பழைய கணக்கு டீச்சர், நோட்டோடு வந்தாள்.
"பெயர்?"
"ஆர்னே."
"முழங்கால்?"
"ஒன்று நல்லது."
குறித்துக்கொண்டாள்.
பிறகு ஓர் ஆரஞ்சு மேலுடுப்பை என்னிடம் நீட்டினாள்.
"புதிதாய் வருகிறவர் கடைசியில் நடக்கணும்.
உங்களுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.
அவ்வளவுதான் வேலை."

சிரித்துவிட்டேன். அவளுக்கு விளங்கவில்லை.

முப்பத்தோரு வருடம் ரயில் கார்டு நான்.
தார்த்துவுக்கும் வல்காவுக்கும் நடுவே
கடைசிப் பெட்டியின் கதவோரம் நின்று
எல்லாம் சிறுத்துப்போவதை மட்டுமே பார்த்தவன்.
வருகிற ஊர் ஓட்டுநருடையது.
போன ஊர் என்னுடையது.

பைன் மரங்களுக்குள் பாதை நுழைந்ததும்
பத்துப் பேர் விறுவிறுவென்று போய்விட்டார்கள்.
மிஞ்சியது வைக்கே. எழுபத்தொன்பது வயது.
சிவப்புப் பழம் ஒவ்வொன்றுக்கும் நின்றாள்.
ஒன்று வாய்க்கு, இரண்டு சட்டைப்பைக்கு.
ஷூ நாடா அவிழ்ந்தபோது
நான் குனிவதற்குள் கையமர்த்தினாள்.

"போன வாரக் கடைசி ஆள் பேசிக்கொண்டே வந்தான்"
என்றாள் முடிச்சைப் பார்த்தபடி.
"நீங்கள் பரவாயில்லை."

பார்த்துவிட்டேன் கடிகாரத்தை.
பன்னிரண்டு நிமிடத் தாமதம்.
அந்தக் காலத்தில் இதற்கு
மூன்று பக்கம் விளக்கம் எழுதியிருப்பேன்.
நாணலில் ஒற்றைக் காலில் நின்ற நாரை
ஒரு வரிகூடக் கேட்கவில்லை.

ஏரி உள்வாங்கி வளைகிற இடத்தில்
மரப்பலகைப் பாலத்தில் நின்றோம்.
தண்ணீருக்கு அந்தப் பக்கம்
நீலம், மஞ்சள், ஊதாச் சட்டைகள்,
எங்களைப் பார்த்து வருவதுபோல் வந்தன.
வளையும் தடத்தில் நான் வேலை பார்த்ததில்லை.
என் ரயிலின் முகத்தை
அறுபத்தாறு வயதில்தான் பார்க்கிறேன்.

அங்கே லெய்லி தடியைத் தூக்கிக் காட்டினாள்.
என் வலக்கை தானாக எழுந்தது,
கொடி பிடிக்கும் உயரத்துக்கு,
கொடியில்லாமல்.
வைக்கே தன் பச்சைத் தொப்பியைக் கழற்றி
அந்தக் கையில் வைத்தாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
அவள் நரைமுடி காற்றில் நட்டுக்கொண்டு நின்றது.
அசைத்தேன்.
வண்டி கிளம்பியது.

சுற்றி முடித்தபோது
கிலு மீன் வைத்த கறுப்பு ரொட்டி தீர்ந்திருந்தது.
பிளாஸ்கில் அரைக் கோப்பை காப்பி,
சூடு ஆறி, எங்களுக்கென்று மூடி வைத்தது.
லெய்லி தலைகளை எண்ணினாள்,
நோட்டை மூடினாள்,
"அடுத்த செவ்வாய்" என்றாள். கேள்வியில்லை அது.

மேலுடுப்பைக் கழற்ற மறந்து
ஒத்தெப்பே கடைக்குள் போயிருக்கிறேன்.
பின்னாலிருந்து ஓர் அம்மாள்,
"ஈஸ்ட் எந்த அலமாரியில் இருக்கிறது?"
எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
"வாங்க, தேடலாம்" என்றேன்.
அவர் முன்னால் நடந்தார்.
நான் பின்னால்.