உலக பலன், மூன்றாம் சரவை

அட்டனில், மல்லியப்பூச் சந்திக்குக் கீழே
படிக்கட்டு எப்போதும் ஈரமாயிருக்கும் அச்சகம்.
புரட்டாசி பிறந்ததும் அங்கமுத்து சாஸ்திரியார்
குடையை உதறாமலே உள்ளே வருவார்,
வருகிற வருஷத்து உலகத்தை
எண்பது பக்கக் கொப்பியில் எழுதி
சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு.

சனி மீனத்தில். குரு வக்கிரம்.
செவ்வாயும் ராகுவும் ஒரே வீட்டில் நாற்பத்தொரு நாள்:
கடல்வழி வர்த்தகம் தடைப்படும்,
முடி தரித்தோர் உறக்கம் இழப்பர்,
வடமேற்கே ஒரு நாடு இரண்டாகும், அல்லது
இரண்டு நாடுகள் ஒரே மேசையில் அமரும்.

அல்லது.
அவர் கொப்பியில் பிழையே வராத சொல்.

எனக்கு அங்கே இரண்டு வேலை.
ஒன்று, சரவை பார்ப்பது.
மற்றது, போன வருஷம் பலித்ததற்குச் சாட்சி தேடுவது.
பழைய பேப்பரை வெட்டி
தேதிக்குத் தேதி, கிரகத்துக்குக் கிரகம் ஒட்ட வேண்டும்.
வெட்டு ஒன்றுக்குப் பத்து ரூபா.
பூமியதிர்ச்சி நாலு நாள் பிந்தி வந்தால்
"சந்திரன் சுணங்கிட்டான், ஒட்டு" என்பார்.
எங்கோ ஒரு பிரதமர் இரண்டு வாரம் முந்தி விழுந்தால்
"பார்வை பட்டுட்டு, ஒட்டு."
கிரகங்களுக்கு இவ்வளவு விட்டுக்கொடுக்கிற மனுஷன்
பத்து ரூபாவைப் பதினொன்றாக்கவில்லை.

ஒட்டாமல் மிஞ்சியவை பிஸ்கட் தகரத்தில் கிடக்கின்றன.
குளவி கொட்டி ஏழு பேர் டிக்கோயா ஆஸ்பத்திரியில்.
சுருக்குக் கம்பியில் சிறுத்தை.
பள்ளத்தில் ஸ்கூல் வேன், ஒரு பக்கக் கதவு திறந்தபடி.
"அதெல்லாம் உலகம் இல்லை பிள்ளை"
என்று தகரத்தை மூடினார்.

ஆறு கிரகம் வரிசையில் நின்ற ராத்திரி
நானும் மெஷின் பொடியன் டிலக்ஷனும் கொங்கிரீட் தட்டுக்கு ஏறினோம்.
மூடுபனி. பக்கத்துப் பேக்கரி போர்டுகூடத் தெரியவில்லை.
எதிர்மலை டவரின் சிவப்பு லைட் மட்டும்
மினுங்கி மினுங்கி.
"செவ்வாய், அக்கா" என்றான்.
சரி என்று இறங்கி வந்துவிட்டோம்.

இதைச் சொல்லவேண்டும்.
போன வருஷம் எனக்குக் காய்ச்சல்.
மேற்கே பகை மூளும் என்ற வரியில்
பகரத்துக்கு ஒரு வால் முளைத்ததை நான் பார்க்கவில்லை.
மேற்கே புகை மூளும்.
நாலாயிரம் பிரதி, பதுளை வரைக்கும் போய்விட்டது.
வேலை போகும் என்று காத்திருந்தேன்.
ஆடியில் மேற்கே எங்கோ காடு பற்றி
மூன்று நாட்டு வானம் கறுத்தது.
பேப்பரை விரித்துக்கொண்டு படியேறி வந்தார்:
"புகை என்று எழுதினவன் எவன்?"
மூலக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன்.
பழைய கறுப்பு மையில் பகை.
அதன் கீழே, நீல மையில், புத்தம்புது வால்.

இந்த வருஷம் எழுபத்தோராம் பக்கம்.
ஐப்பசியில் மலைநாட்டில் மண் சரியும்.
இந்த ஒரு வரிக்கு மட்டும்
அவர் அல்லது போடவில்லை.

எங்கள் லயத்துக்கு மேலே
ஆபத்து என்று சிவப்புக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள்.
ஒன்பது வருஷம். கொடி வெளுத்து
யாரோ கொழுந்துச் சாக்கின் வாயைக் கட்ட எடுத்துப்போனார்கள்.
வேறு இடத்தில் ஏழு பேர்ச் காணி என்ற கடிதத்தை
லயத்துக்கு ஒன்றாக
நான்தான் இங்கே போட்டோக்கொப்பி எடுத்தேன்.

சிவப்புப் பேனையால்
சரியும் என்பதில் யு-வை வெட்டினேன்.
மேலே சின்னதாக யாகு என்று எழுதினேன்.

மண் சரியாகும்.

தாளைத் திருப்பி வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
மெஷினடியில் இருந்து டிலக்ஷன்
"ஓகேயா அக்கா?"

"ஓகே."

மழை விடுகிற மாதிரி இல்லை.
கடைசி பஸ் ஆறு பத்துக்கு.