தக்கவைத்தோர் பட்டியல்

பஹ்ரைன், அவாலி. பழைய கிடங்கின் ஏசி அறையில்
ஒரு பக்கத்துக்கு மூன்று ஃபில்ஸ் கணக்கில்
செத்துப்போனவர்களை ஸ்கேன் செய்கிறேன்.
கம்பெனிக் கோப்புகள், முப்பதுகளின் ஆட்கள்.
துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்குவது,
கண்ணாடியில் கவிழ்ப்பது,
பச்சை வெளிச்சம் போய்த் திரும்பும்வரை நிற்பது.

ஆயிரத்து நூற்றுப் பதினாறாவது ஆள்
செத் ஹோல்ராய்ட்.
தமிழில் எழுதிப் பார்த்தேன்.
இன்னும் ஒரு ‘து’ விழுந்தால் ஆள் முடிந்தான்.

விண்ணப்பம், 1936, பென்சில்:
முன்பு செய்த வேலை — காற்பந்து, பதினான்கு ஆண்டு.
தெரிந்த கைத்தொழில் — இடது கால்.
யாரோ சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.
அதற்குக் கீழே வேறு கையெழுத்து:
குழாய்ப் பிரிவு. உதவியாள்.

சான்றிதழ் எதுவும் இல்லாதவன்
ஒப்பந்தங்களைக் கோத்து அனுப்பியிருக்கிறான்.
நிலக்கரிக் குழியிலிருந்து பத்தொன்பது வயதில் மேலே வந்தவனுக்கு
முதலில் வாரம் ஐந்து பவுன்
(பவுன் என்றால் நகை இல்லை, காகிதம்),
பிறகு எட்டு.
எட்டுக்கு மேல் எவனுக்கும் கிடையாது,
நாற்பதாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்தினாலும்
எட்டுதான்.
கோடையில் ஆறு.
ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு அவனை விற்ற விலை
அறுநூற்றைம்பது.
அவன் கைக்கு வந்தது பத்து.
அந்தப் பத்தில் தையல் மெஷின் வாங்கியதாக
மாமியாருக்கு எழுதிய கடிதம் ஒன்று,
அது எப்படி இந்தக் கோப்புக்குள் வந்ததோ.

முப்பத்தொன்றில் முட்டியிலிருந்து சவ்வை எடுத்தார்கள்.
முப்பத்தைந்தில் ஓர் ஆட்டமும் இல்லை.
ஆனாலும் வசந்தத்தில் அச்சடித்த தாளில் பெயர் இருக்கிறது,
தக்கவைத்தோர் என்ற தலைப்பின் கீழ்.
ஆட விடமாட்டார்கள், அனுப்பவும் மாட்டார்கள்.

இந்த இடத்தில் மெஷினை நிறுத்திவிட்டு
டீ குடிக்கப் போனேன்.
எச்.ஆர். அறையின் இரும்புப் பெட்டியில்
என் பாஸ்போர்ட்டோடு இருபத்திரண்டு பேருடையது இருக்கிறது.
பாதுகாப்புக்கு, என்றார்கள்.
டீயில் சர்க்கரை அதிகம்.

இங்கே வந்தும் விளையாடியிருக்கிறான்.
மணலில் கச்சா எண்ணெய் ஊற்றி, உருளை விட்டு இறுக்கிய மைதானம்.
விழுந்தால் முழங்கால் கறுக்கும்,
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும்.
சுண்ணாம்புக் கோட்டை ஷமால் காற்று
இடைவேளைக்குள் நக்கிவிடும்;
எது எல்லை என்று நடுவர்தான் ஞாபகம் வைத்திருப்பார்.
ஒரு கப்பலின் மாலுமிகளை ஐந்துக்கு ஒன்று.
ஹோல்ராய்ட் இரண்டு.
இரண்டாவதைப் பற்றிக் கம்பெனித் தாள் எழுதுகிறது:
கோல்கீப்பர் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் செய்தி எப்படியோ
வட இங்கிலாந்துவரை போயிருக்கிறது.
கிளப் செயலாளரின் கடிதம், தலைப்பில் ஒரு சேவல்:
மிக்க மகிழ்ச்சி. எண்ணெய் வயலில் ஆடுவதில்
எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.
ஊர் திரும்பி வேறு கிளப்பில் சேர நினைத்தால்
உன் பதிவு எங்களிடம்.
விலை இருநூறு.

வயது முப்பத்து நான்கு.
கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால்
மாதாமாதம் எதையோ கூட்டிக்கொண்டே வந்திருக்கிறான்.
நானும் கூட்டிப் பார்த்தேன்.
எட்டு குறைகிறது.

அதற்குப் பிறகு ஒரு வரிதான்: பணி விலகினார்.
தேதி இருக்கும் இடத்தைப் பூச்சி தின்றிருக்கிறது.

கடைசித் தாளின் முதுகில் எழுத்தே இல்லை.
வெற்றுப் பக்கம், நீக்கவா? என்கிறது மென்பொருள்.
தூக்கிப் பிடித்தால் பழுப்பாய் ஒரு கறை,
பிறை மாதிரி.
எண்ணெயாக இருக்கலாம், டீயாகவும் இருக்கலாம்.
வேண்டாம் என்று அழுத்தினேன்.
மூன்று ஃபில்ஸ்.

வெள்ளிக்கிழமை சித்ரா தீவில்
நேபாளி ரூமோடு மேட்ச்.
இடது ஓரத்துக்கு ஆள் இல்லை.
வலது காலை வைத்துக்கொண்டு
நான்தான் ஓட வேண்டும்.

ஆயிரத்து நூற்றுப் பதினேழு:
சமையல்காரர்.
முன்பு செய்த வேலை — சமையல்.