ஜீரோ பாருங்க

ஜீரோ பாருங்க.
ராத்திரிக்கு முந்நூறு தடவை சொல்கிறேன்.
பார்ப்பவர்கள் பத்துப் பேர் இருக்கும்.
மற்றவர்கள் போனைப் பார்க்கிறார்கள்,
இல்லை என் சட்டையில் குத்தியிருக்கும்
குமரேசன் என்ற பெயரை.
குமரேசன் போன மாசமே நின்றுவிட்டார்.
நான் எஸ்தர் மணிமொழி.
பேட்ஜ் இன்னும் வரவில்லை.

பள்ளிகொண்டா டோலுக்கு இந்தப் பக்கம் எங்கள் பங்க்.
ஊருக்குள்ளே பெருமாள் எந்நேரமும் படுத்திருக்கிறார்.
பாற்கடல் அவருக்கு.
எங்களுக்குப் பாலாறு,
அதாவது மணல்,
அதிலும் முக்கால்வாசி லாரியேறிப் போய்விட்டது.
அந்த லாரிகளுக்கும் இங்கேதான் டீசல்.

நேற்று ஒன்பதரை மணிக்கு டிவியில் ஒரு ஜலசந்தி.
வரைபடத்தில்
என் சுண்டுவிரல் நகம் வைத்தால் அடைபட்டுவிடும்.
மூடுவோம் என்றார் ஒருவர்.
மூடித்தான் பார் என்றார் இன்னொருவர்.
அவர்கள் பேசி முடிப்பதற்குள்
அகரம்சேரி வரைக்கும் வண்டி நின்றது.

குடியாத்தத்துத் தீப்பெட்டி லோடு ஒன்று.
டிரைவர் பேர் சம்பங்கி.
அண்ணே, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க என்றேன்.
"ஒலகமே பத்திக்குதாம்,
என் வண்டிய மட்டும் தள்ளி நிறுத்தச் சொல்றியே"
என்று பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

ஷாஹிதா மூன்றாம் நம்பர் பம்பில் நிற்பாள்.
அவள் வீட்டுக்காரர் ருவைஸில்,
சுத்திகரிப்பு ஆலையில் வால்வு திறப்பவர்.
ஒரே குழாய்க்கு அவரு அந்த முனை, நான் இந்த முனை
என்று சொல்லிச் சிரிப்பாள்.
நேற்றுச் சிரிக்கவில்லை.
பதினோரு நொடி வாய்ஸ் மெசேஜ் வந்தது, உருதுவில்.
எனக்குத் தமிழில் சொன்னாள்:
சைரன் அடிச்சுதாம். சாப்பிட்டாராம்.
நான் சாப்பிட்டேனான்னு கேக்கறார்.

ஊரடங்கில் ஒருநாள்
உலகவிலை ஜீரோவுக்கும் கீழே போனதாம்.
பீப்பாயையும் கொடுத்து
எடுத்துப் போகிறவர் கையில் பணமும் கொடுத்தார்களாம்.
அப்போது நான் ஆம்பூரில் ஷூவுக்கு சோல் ஒட்டிக்கொண்டிருந்தேன்.
ஒட்டிக்கொண்டிருந்தேன் என்பது தப்பு,
கம்பெனி பூட்டியிருந்தது.
அந்த சோலும் எண்ணெயிலிருந்துதான் வருகிறது என்று
இங்கே வந்தபிறகுதான் தெரியும்.
அன்றைக்கு இந்த போர்டில் எவ்வளவு இறங்கியது என்று
பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினேன்.
ஒரு பைசா இல்லை.

மூன்றே முக்காலுக்கு டீசல் தீர்ந்தது.
தீரவில்லை. ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும்
இருநூறு லிட்டர் நிறுத்தி வை என்பது முதலாளி உத்தரவு.
நோ ஸ்டாக் போர்டைத் தூக்கி வைத்தேன்.
நடுநிசியிலேயே ஜார்க்கண்டிலிருந்து ஒரு குடும்பம்
சிஎம்சிக்குப் போகும் ஆம்புலன்சில் வந்து போயிருந்தது.
தூங்குகிற நோயாளியின் கால்மாட்டில்
ஒரு மூட்டை பொரி.

எல்லாரும் திட்டிவிட்டுத் திரும்பினார்கள்.
ஒடுகத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி திரும்பவில்லை.
கையில் இருபது லிட்டர் கேன்.
எழுநூறடி போர், ஜெனரேட்டரில் ஓடுகிறது,
கரண்ட் கனெக்‌ஷன் பதினோரு வருசமாய் வெயிட்டிங்.
நெல்லு பால் புடிக்கற நேரம் என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.
எங்கேயோ கடலுக்கடியிலிருந்து எடுத்ததை ஊற்றி
இங்கே ஆற்றங்கரையில் தண்ணீர் எடுக்க வேண்டும்.

கேனில் ஊற்றக் கூடாது என்ற விதி தெரியும்.
கேமரா எந்தப் பக்கம் பார்க்கும் என்பதும் தெரியும்.
ஜீரோ பாருங்கம்மா என்றேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.

ஐந்தரைக்குத் தொட்டியில் ராடு விட்டேன்,
நுனியில் பேஸ்ட் தடவி.
அடியில் ஒரு விரல்கடை சிவந்து வந்தது.
தண்ணீர்.
ரெஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுத வேண்டும்,
விளக்கம் கேட்பார்கள்.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு கிடந்தது,
அதற்கு யாரும் ராடு விடுவதில்லை.

ஆறு மணிக்கு போர்டு தானாக மாறியது.
தொட்டியில் கிடப்பது போன வாரம் வந்தது,
விலை மட்டும் இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறது.

முதல் ஆள் டிவிஎஸ்ஸில் வந்தார், பின்னால் பால்கேன்.
அம்பது ரூபாய்க்குப் போடும்மா.
குழாய் இருமி இருமி ஊற்றியது.
தண்டையார்பேட்டை லாரி எப்போ வரும் என்றார்.
தெரியாது என்றேன்.
ஷாஹிதா கழிவறைக் கதவருகே நின்று
அந்தப் பதினோரு நொடியை
மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.